பாகம் குறைந்தது, சிக்கல் கூடிவிட்டது

வாசகர் கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு, பேட்டையில் ஒரு பட்டறையில் நாலு வருஷமாக டிசைன் பார்க்கிறேன். அப்பள மாவைத் தகடாக இழுத்து வட்டம் வெட்டுகிற மிஷின் ஒன்று செய்தோம். முதல் மிஷினில் ரோலருக்கு ஒன்று, பெல்ட்டுக்கு ஒன்று, வெட்டும் உருளைக்கு ஒன்று என்று மூன்று மோட்டார், மொத்தம் 84 பாகம். "ரொம்பச் சிக்கலா இருக்கு, குறைச்சுக் கொண்டா" என்றார் முதலாளி. ஒரே மோட்டார், ஒரே செயின் என்று மாற்றி 51 பாகத்தில் முடித்தேன். ஆனால் இப்போது ரோலர் இடைவெளியைக் கொஞ்சம் மாற்றினாலும் மாவுத்தகடு கிழிகிறது, இல்லையென்றால் மடிந்து குவிகிறது, வட்டம் முட்டை வடிவமாகிறது. வெட்டும் உருளையை இரண்டு தடவை கழற்றி மாட்டியும் பார்த்துவிட்டேன். மிஷின் ஓட்டுகிற அக்கா, பழைய மிஷினே தேவலை என்கிறார். சிக்கல் குறைந்ததா, கூடியதா? டிசைனில் சிக்கல் என்பதை எப்படி வரையறுப்பது, எப்படி அளப்பது? வரைபடத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

தம்பிக்கு,

பாகம் குறைந்தது, சிக்கல் கூடியது. அந்த அக்கா சொல்வது சரி. ஆனால் பழைய மிஷினும் நல்ல மிஷின் இல்லை, முதலாளி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வரைபடத்தை ரெண்டு நாள் மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். வேலை சுத்தமாக இருக்கிறது. தப்பு உங்கள் கைத்திறமையில் இல்லை, "சிக்கல்" என்றால் பாகங்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டதில் இருக்கிறது. கல்லூரியில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நம்முடைய சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைமுடியில் சிக்கு விழுகிறது என்கிறோம். நிறைய முடி இருப்பதால் யாரும் அதைச் சிக்கு என்று சொல்வதில்லை, ஒரு முடியைப் பிடித்து இழுத்தால் கூடவே நாலு முடி வருகிறதே, அதுதான் சிக்கு. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பத்தமடையில் போய்ப் பாருங்கள், ஒரு பட்டுப்பாயில் எத்தனை கோரை ஓடுகிறது என்று எண்ணவே முடியாது, ஆனால் ஒவ்வொரு கோரையும் பாவு நூலுக்கு மேலே கீழே என்று ஒரே விதியில் போகிறது. நெய்கிறவருக்கு வேண்டியது பொறுமையும் விரலும், தறியில் சிக்கல் ஒன்றும் இல்லை. அதே இடத்தில் நாலே நாலு நூலைக் கசக்கிப் போட்டுவிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள், அரைமணி நேரம் ஆகும். எண்ணிக்கை வேறு, பின்னல் வேறு. நான் என் வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிற வரையறை இதுதான்: ஒன்றைத் தொட்டால், தொடாத எத்தனை இடம் அசைகிறது, அந்த அசைவு வேலை செய்கிறவருக்குக் கண்ணில் படுகிறதா இல்லையா.

இனி உங்கள் மிஷின். இடைவெளியை மாற்ற மேல் ரோலரைத் திருகு வைத்து ஏற்றி இறக்குகிறீர்கள். அந்த மேல் ரோலரின் தண்டிலேயே ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுகிற பல் சக்கரம்) போட்டு, மோட்டாரிலிருந்து வருகிற செயினை அதன்மேல் ஓட்டி, அங்கிருந்து பெல்ட்டுக்கும் வெட்டும் உருளைக்கும் கொண்டுபோயிருக்கிறீர்கள். ரோலர் அசைந்தால் ஸ்ப்ராக்கெட் மையம் அசைகிறது, மையம் அசைந்தால் செயின் தொய்கிறது அல்லது விறைக்கிறது, தொய்ந்த செயின் பெல்ட்டை விட்டு விட்டு இழுக்கிறது. இது ஒன்று. இன்னொன்று, இடைவெளி மாறினால் தகடு வெளியே வருகிற வேகமும் கொஞ்சம் மாறும், ஆனால் பெல்ட்டின் வேகத்தை நீங்கள் பல் எண்ணிக்கையால் கட்டிப் போட்டுவிட்டீர்கள். தகடு வேகமாக வந்தால் குவிகிறது, மெதுவாக வந்தால் பெல்ட் அதை இழுக்கிறது. உளுந்து மாவு இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், அதனால் இழுபட்ட நிலையில் சரியான வட்டமாகத்தான் வெட்டுகிறது, வெட்டி முடிந்ததும் ஒரு பக்கமாகச் சுருங்கி முட்டையாகிவிடுகிறது. நீங்கள் வெட்டும் உருளையைப் போட்டு இரண்டு தடவை கழற்றி மாட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு குறையும் இல்லை தம்பி, நோய் ரோலரில் இருக்கிறது, வலி வட்டத்தில் தெரிகிறது.

சாரல் காலத்தில் உங்கள் ஊரில் மாவு எப்படி இளகும் என்று உங்களுக்கே தெரியும். காலையில் ஒரு பதம், மத்தியானம் ஒரு பதம். அந்த அக்கா ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தத் திருகைத் தொட வேண்டியிருக்கும்? அவர் தொடுகிற ஒவ்வொரு தடவையும் மூன்று இடம் கலைகிறது, அதில் ஒன்றுகூட திருகுக்குப் பக்கத்தில் இல்லை.

இதை அளக்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், பெரிய கணக்கு வேண்டாம், ஒரு தாள் போதும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக, மிஷினிடம் என்ன வேண்டும் என்று எழுதுங்கள்: கனம் சீராக இருக்க வேண்டும், தகடு கிழியக் கூடாது, வட்டம் வட்டமாக இருக்க வேண்டும், மணிக்கு இத்தனை அப்பளம் வர வேண்டும். மேலே குறுக்காக, ஓட்டுகிறவர் கையில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள்: இடைவெளித் திருகு, செயின் இறுக்கம், மோட்டார் வேகம். எது எதைப் பாதிக்கிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. உங்கள் 51 பாக மிஷினுக்கு நான் போட்டுப் பார்த்தேன், பன்னிரண்டு கட்டத்தில் பத்தில் புள்ளி விழுந்தது. ஒவ்வொரு தேவைக்கும் ஒரு திருகு, அந்தத் திருகு வேறு எதையும் தொடாது என்று அமைந்தால் அதுதான் சுகமான மிஷின். அது எப்போதும் வாய்க்காது. புள்ளிகள் எல்லாம் மூலைவிட்டத்துக்கு ஒரு பக்கமாக மட்டும் விழுந்தாலும் பரவாயில்லை, முதலில் இதைச் சரி பண்ணு, அப்புறம் அதை, அப்புறம் மூன்றாவதை என்று ஒரு வரிசை கிடைத்துவிடும், வரிசை தப்பாமல் செய்தால் வேலை முடியும். இரண்டு பக்கமும் இறைந்து கிடந்தால்தான் ஆபத்து. அப்போது ஒன்றைச் சரி பண்ணினால் முன்பு சரி பண்ணியது கலையும், மறுபடி அங்கே போக வேண்டும், விடிய விடியச் சுற்றலாம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த நாம் பியோ சூ இந்த வழியில்தான் டிசைனுக்கு இரண்டு அடிப்படை விதிகள் வைத்தார். தேவைகள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள் என்பது முதலாவது. கேட்டது கிடைக்கிற வாய்ப்பு அதிகமாக இருக்கும்படி செய் என்கிற இரண்டாவது எனக்கு இன்னும் பிடித்தது. சிக்கல் பொருளுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பதில்லை, நீங்கள் கேட்பதற்கும் அது கொடுப்பதற்கும் நடுவில் இருக்கிறது என்கிறார். வரைபடத்தில் கனம் 0.7 மில்லிமீட்டர், கூடக்குறைய 0.05 என்று போட்டிருக்கிறீர்கள். பேரிங் ஆட்டம், ரோலர் வளைவு எல்லாம் சேர்ந்து உங்கள் மிஷின் 0.1 வரை அங்கே இங்கே போகிறது. அந்த வீச்சுக்குள் எங்கும் சமமாக விழுகிறது என்று வைத்தால் சரியான கனம் கிடைக்கிற வாய்ப்பு பாதிதான். வாய்ப்பைத் தலைகீழாக்கி, இரண்டை அடியாக வைத்து மடக்கை எடுக்கச் சொல்கிறார், பாதி வாய்ப்புக்கு 1 வரும். இப்போது மிஷினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல், 0.05 என்பதை 0.08 என்று மாற்றுங்கள். வாய்ப்பு 80% ஆகிறது, அந்த எண் 0.32க்கு இறங்கிவிடுகிறது. மிஷின் அதே மிஷின், சிக்கல் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அந்த 0.05 எங்கிருந்து வந்தது? யாராவது பொரித்துப் பார்த்துச் சொன்னார்களா, அல்லது வரைபடத்தில் ஏதாவது போட வேண்டுமே என்று போட்டதா? 0.6லும் 0.8லும் பத்துப் பத்து அப்பளம் எடுத்து எண்ணெயில் போட்டுப் பாருங்கள். ஓரம் வேகாமல் நடு சிவந்தால் என் பேச்சை விட்டுவிடுங்கள், இரண்டும் ஒன்றுபோல் பொரிந்தால் அந்த எண்ணைத் தளர்த்துங்கள்.

பாகத்தைக் குறை என்று சொல்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பூத்ராய்ட், டியூஹர்ஸ்ட் என்ற இருவர் மூன்று கேள்வி வைத்தார்கள்: இந்தப் பாகம் பக்கத்துப் பாகத்தோடு ஒப்பிட்டால் அசைகிறதா, வேறு மூலப்பொருளில்தான் செய்தாக வேண்டுமா, பிரித்து வைக்காவிட்டால் மாட்டவோ கழற்றவோ முடியாதா. மூன்றுக்கும் இல்லை என்றால் அதைப் பக்கத்துப் பாகத்தோடு சேர்த்துவிடலாம். அருமையான கேள்விகள், நானும் தினமும் கேட்கிறேன். ஆனால் அவர்கள் அளந்தது பிட்டரின் வேலையை, ஒரு பொருளை மாட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை. உங்கள் மிஷினை ஒரு தடவை மாட்டுவார்கள், ஓட்டுவது பத்து வருஷம். யாருடைய சிக்கலைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் தீர்மானிக்காமல் சிக்கலைக் குறைக்கக் கிளம்பினால், ஒருவர் தலையிலிருந்து எடுத்து இன்னொருவர் தலையில் வைத்துவிட்டு வருவோம்.

நான் அதைச் செய்திருக்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நெல் அரவை மில்லுக்கு பேனல் போட்டுக் கொடுத்தேன். நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டர் நின்றால், உமி அடைத்தால், பெல்ட் விலகினால், கதவு திறந்தால் மில் தானாக நிற்க வேண்டும் என்று ஏழு லிமிட் சுவிட்ச், அதாவது நாக்கு அசைந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச். ஏழையும் ஒரே வரிசையில் தொடராக இணைத்து ஒரே ரிலேக்குக் கொண்டுவந்தேன். கம்பி குறைவு, ரிலே ஒன்றுதான், வரைபடம் ஒரு பக்கத்தில் முடிந்தது. அறுவடை முடிந்து நெல் வண்டி வாசலில் நிற்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மில் நின்றுவிட்டது. ஸ்டார்ட்டரை அழுத்தினால் எடுக்கவில்லை. ஏழில் எது திறந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் நான் வைக்கவில்லை. அங்கிருந்த பெரியவர் முப்பது வருஷம் மில் ஓட்டியவர், பெல்ட் சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் போகப் போகிறது என்று சொல்லிவிடுவார், அவர் கையில் சோதனை விளக்கோடு ஒவ்வொரு சுவிட்சாக ஏணி போட்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. மேல் எலிவேட்டர் சுவிட்சின் நாக்குக்குக் கீழே ஒரு விரல் கனத்துக்கு உமித்தூசி இறுகிப் போய்க் கிடந்தது, ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுரண்டி எடுத்ததும் "டக்" என்று விழுந்தது. மறுநாள் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு சின்ன விளக்கு வீதம் ஏழு விளக்கு, கூடவே அவற்றுக்குக் கம்பி எல்லாம் போட்டேன். பாகம் கூடியது, கம்பி இரண்டு மடங்கானது, வரைபடம் மூன்று பக்கம் ஆனது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெரியவர் என்னைக் கூப்பிடவே இல்லை, எந்த விளக்கு அணைந்திருக்கிறதோ அங்கே போவார், தூசியைத் தட்டுவார், மில் ஓடும். ஏழு விளக்கு சேர்த்தது சிக்கலைக் கூட்டியதா குறைத்ததா? பாகத்தை எண்ணினால் கூடியது. அவருக்கு அது குறைந்ததுதான் கணக்கு.

நம் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. பணகுடி தாண்டும்போது தெரிகிற மகேந்திரகிரி மலை அடிவாரத்தில் இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறது அல்லவா. 2014 ஜனவரியில் ஜி.எஸ்.எல்.வி.யை வெற்றிகரமாக மேலே கொண்டுபோன நம்முடைய முதல் கிரையோஜெனிக் (உறைகுளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடுகிற) என்ஜினில், பம்பைச் சுற்றுகிற வாயு வீணாகாமல் திரும்ப முக்கிய எரியறைக்கே வந்து எரியும். எரிபொருள் மிச்சம், திறன் அதிகம். ஆனால் சின்ன எரியறை, டர்பைன், பம்பு, பெரிய எரியறை எல்லாம் ஒன்றின் அழுத்தத்தில் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும், ஒன்றைத் தனியாக நிறுத்தி முழு நிலையில் சோதிப்பது பெரும்பாடு. அடுத்து, 2017 ஜூனில் மார்க் 3 ராக்கெட்டில் பறந்த சி.இ.20 என்ஜினுக்கு வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். பம்பைச் சுற்றிய வாயுவைத் தனியாக வெளியே விட்டுவிடுவது. கொஞ்சம் எரிபொருள் வீண், திறனும் சற்றே குறைவு. ஆனால் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக வைத்துச் சோதிக்கலாம், தனித்தனியாகத் திருத்தலாம். திறனில் கொஞ்சம் கொடுத்து, பின்னலை அவிழ்த்து வாங்கியிருக்கிறார்கள். ராக்கெட்டில் ஒரு கிலோ எடைக்கு அடித்துக்கொள்கிற ஆட்களே அப்படிச் செய்கிறபோது, அப்பள மிஷினில் நாம் ஒரு மோட்டாரை மிச்சம் பிடிக்கப் போய் எல்லாவற்றையும் ஒரே செயினில் கட்ட வேண்டியதில்லை.

பின்னல் எப்போதும் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் மனதில் வையுங்கள். நம் ஊர்க் குளங்கள் ஒன்றின் மறுகால் (நிறைந்து வழிகிற தண்ணீர்) அடுத்த குளத்துக்குப் போகிற மாதிரி வரிசையாகக் கட்டியவை. சாதாரண வருஷத்தில் ஒவ்வொரு குளமும் தன் மடையோடும் தன் வயலோடும் தனியாக வாழ்கிறது, மேலே உள்ள குளத்தைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தில்தான் எது எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று தாமிரபரணிக் கரைக்காரர்கள் எல்லோரும் பார்த்தோம். மேல் குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க் குளத்தின் கரையில் மோதுகிறது. அதனால் உங்கள் புள்ளித் தாளைச் சாதாரண நாளுக்கு ஒன்று, மோசமான நாளுக்கு ஒன்று என்று இரண்டாகப் போடுங்கள். மாவு கட்டியாகிப் போன நாள், கரண்ட் போய் வந்த நாள், புது ஆள் ஓட்டுகிற நாள். இரண்டாவது தாளில் புதிதாக எங்கே புள்ளி விழுகிறது என்று பாருங்கள், பிற்காலத்தில் உங்களுக்கு ராத்திரி போன் வரப்போகிற இடம் அதுதான்.

சரி, மிஷினுக்கு வருவோம். முதல் மிஷினில் மூன்று மோட்டார், மூன்று ரெகுலேட்டர். வெட்டும் உருளையும் பெல்ட்டும் ஒரே வேகத்தில்தான் போயாக வேண்டும், அவை இயல்பிலேயே ஒட்டிப் பிறந்தவை. அவற்றைப் பிரித்து இரண்டு கைப்பிடியில் கொடுத்து, நீங்களே சமமாக்கிக்கொள்ளுங்கள் என்று அந்த அக்காவிடம் விட்டுவிட்டீர்கள். முதலாளி சிக்கல் என்று சொன்னது அதைத்தான், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது மிஷினில் சேரக் கூடாத ரோலரையும் கொண்டுவந்து அதோடு கட்டினீர்கள். எனக்குத் தோன்றுவது இரண்டு மோட்டார். பெல்ட்டும் வெட்டும் உருளையும் ஒரு மோட்டாரில், பல் விகிதத்தால் கட்டிப் போட்டு, யாரும் மாற்ற முடியாதபடி. ரோலர் ஜோடி தனி மோட்டாரில், அதற்கு மட்டும் ஒரு வேகத் திருகு. செயினை அசையாத கீழ் ரோலருக்குக் கொடுங்கள், மேல் ரோலரைக் கரும்புச்சாறு மிஷினில் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி நீளப் பல் கியரால் சுற்றுங்கள், இடைவெளி கொஞ்சம் மாறினாலும் பல் விடாது. ரோலருக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் தகடு இரண்டு விரல் அளவு தொய்ந்து போகட்டும். அந்தத் தொய்வு ஒரு குட்டிக் குளம் மாதிரி, ரோலர் கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் அது வாங்கிக்கொள்ளும், பெல்ட் பக்கம் சேதி போகாது. தொய்வு கூடினால் ரோலர் வேகத்தைக் குறை, குறைந்தால் கூட்டு, அக்காவுக்கு இது ஒன்றுதான் வேலை, அதுவும் கண்ணெதிரே தெரிகிறது. மெல்லிய தகடு தொய்வில் தன் எடை தாங்காமல் கிழிகிறதா என்பதை மட்டும் மாவு இளகிய நாளில் ஓட்டிப் பாருங்கள், கிழிந்தால் கீழே வழுவழுப்பான சரிவுத் தகடு ஒன்று கொடுத்தால் போதும்.

பாகம் 60ஐத் தாண்டும் என்று நினைக்கிறேன். முதலாளி எண்ணிக்கையைக் கேட்பார். அவரிடம் எண்ணிக்கையைப் பேசாதீர்கள், மூன்று மிஷினுக்கும் மூன்று புள்ளித் தாளை வரிசையாக அவர் முன்னால் வையுங்கள், கூடவே ஒரு வாரம் எத்தனை தடவை திருகைத் தொட்டார், தொட்ட பிறகு சரியான அப்பளம் வர எத்தனை நிமிஷம் ஆனது, எத்தனை கிலோ மாவு திரும்ப உருண்டையானது என்று அக்காவை ஒரு நோட்டில் எழுதச் சொல்லி அதையும் வையுங்கள். மாவுக் கணக்கு அவருக்கு நம் இரண்டு பேரையும்விட நன்றாகப் புரியும். மூன்றாவது மிஷினின் தாளைப் போடும்போது நீங்கள் தனியாக உட்கார்ந்து போட வேண்டாம், அந்த அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இதைத் திருகினா வேற எது கெடும்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் போடுங்கள். அவர் சொல்கிற புள்ளிகளில் இரண்டு மூன்றாவது நம் வரைபடத்தில் இருக்காது, அவற்றை எனக்கு எழுதி அனுப்புங்கள்.